பசுமைக்குப் பத்துத் தொகுதி

தமிழ்நாட்டு அரசியலில் சுற்றுச்சூழலைப் போல வசதியான சரக்கு வேறில்லை. ஏரிக்கு ஓட்டு கிடையாது. நெற்பயிர் கட்சி மாறாது. கூட்டணி ஏன் மாறினீர்கள் என்று ஆறு வந்து வாசலில் நின்று கேட்காது.

2023 ஜூலை 26. சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் வளையமாதேவி. நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிட வேண்டுமாம். போலீஸ் காவலோடு பொக்லைன்கள் வயலுக்குள் இறங்கின. வயல் தரிசாகக் கிடக்கவில்லை, நெல் நின்றது. பச்சைப் பயிரைச் சேற்றோடு வாரி ஓரத்தில் கொட்டியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அறுவடைவரை இரண்டு மாதம் பொறுக்கக் கூடாதா என்று உயர்நீதிமன்ற நீதிபதி எம்.தண்டபாணி கேட்டார், அந்தக் காட்சியைப் பார்த்துக் கண்ணீர் வந்தது என்றார். இயந்திரத்துக்கு வரவில்லை.

இரண்டே நாளில் நெய்வேலி ஆர்ச் கேட் முன்னால் பா.ம.க. முற்றுகை. கல்வீச்சு, கண்ணீர்ப் புகை, கட்சித் தலைவர் அன்புமணி கைது. அன்று அவர் பேசியதில் எனக்கு ஒரு வரிகூட மறுப்பில்லை. அதனால்தான் கோபம் கூடுதலாக வருகிறது.

நிறுவனம் சொன்ன பதில் என்ன? 2006 முதல் 2013 வரை கையகப்படுத்தி, காசும் கொடுத்துவிட்ட நிலம்தானே இது! சரி, 2004 முதல் 2009 வரை மத்திய அமைச்சரவையில் உட்கார்ந்திருந்தவர் யார்? இதே அன்புமணிதான். சுகாதார அமைச்சராக 2008 அக்டோபர் 2-ல் பொது இடத்தில் பீடி, சிகரெட்டுக்குத் தடை கொண்டுவந்தார். கைதட்ட வேண்டிய காரியம். மந்தாரக்குப்பத்து டீக்கடையில் பீடி அணைந்தது. எதிரே நின்ற அனல்மின் நிலையச் சிம்னி பொது இடத்தில் சேராது போல. அது பாட்டுக்குப் புகைத்தது.

ஆர்ச் கேட்டில் கைதாகி எட்டு மாதம்கூட ஆகவில்லை. 2024 மார்ச்சில் மக்களவைத் தேர்தலுக்காகத் தைலாபுரத்தில் பா.ஜ.க.வோடு கூட்டணி. 10 தொகுதி. என்.எல்.சி. யாருடையது? மத்திய அரசினுடையது. அன்றைக்கு அதில் ஏறத்தாழ 72 சதவீதப் பங்கு டெல்லியின் கையில். தோட்டத்துக் கணக்குப்பிள்ளையை வாசலில் வைத்துத் திட்டிவிட்டு, முதலாளி வீட்டுப் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்த கதை.

டெல்லியால் முடியாதா என்ன? 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு என்ற மூன்று நிலக்கரிப் பகுதிகளையும் ஏலத்திலிருந்து ஒரே அறிவிப்பில் எடுத்தார்கள். ஆக, மனசு இருந்தால் முடியும். பத்துத் தொகுதியோடு பதினொன்றாக, என்.எல்.சி. திட்டமிடும் மூன்றாம் சுரங்கம் வேண்டாம் என்று ஒரு வரியையும் கூட்டணிக்கு விலையாக வைத்திருக்கலாம். அன்று அறிவிக்கப்பட்டது தொகுதிக் கணக்கு.

பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் 1995-ல் தொடங்கிய சுற்றுச்சூழல் அமைப்பு பசுமைத் தாயகம். அதன் அன்றைய தலைவர், அன்புமணியின் மனைவி சௌமியா அன்புமணி தருமபுரியில் போட்டியிட்டார். மரம் நடுகிறவர் மக்களவைக்குப் போவது நல்லதுதான். எந்த வண்டியில் ஏறிப் போகிறார் என்பதுதான் கேள்வி. தருமபுரி ஏற்றவில்லை. சுரங்கம் இருக்கிற கடலூரில் பா.ம.க. நிறுத்தியது தங்கர் பச்சானை. பத்திரக்கோட்டை மண்ணை எழுதியும் படமாக எடுத்தும் பேர் வாங்கியவர், மூன்றாம் இடம். ஜெயித்தது காங்கிரஸின் விஷ்ணு பிரசாத். சௌமியாவின் உடன்பிறந்தவர்! மாம்பழம் தோற்றாலும் மைத்துனர் டெல்லிக்குப் போய்விட்டார்.

மற்றவர்கள் யோக்கியமா? வேளாண்மைக்குத் தனி பட்ஜெட் போட்ட தி.மு.க. அரசுதான் வயலுக்குப் போலீஸ் அனுப்பியது. அன்றைய வேளாண் அமைச்சரின் சொந்த மாவட்டத்தில்! அ.தி.மு.க.வும் அன்று வீதிக்கு வந்தது. 2013-ல் ஜெயலலிதா ஆட்சியில்தான் மாநில அரசு நிறுவனங்கள் என்.எல்.சி.யின் 3.56 சதவீதப் பங்கை வாங்கின. தமிழ்நாடே சின்னப் பங்குதாரர். பள்ளம் ஆழமானால் லாபத்தில் நமக்கும் பங்கு.

நிறுவனத்துப் பெரிய அதிகாரிகளுக்கும் பசுமை மேல் கொள்ளை ஆசை. சூரிய மின்சாரத்துக்கென்று பெயரிலேயே ‘கிரீன்’ ஒட்டிய துணை நிறுவனம் வைத்திருக்கிறார்கள். டவுன்ஷிப் வட்டங்களுக்குள் போனால் தெருவுக்குத் தெரு நிழல், மரம். வேலியைத் தாண்டினால் தோண்டிப்போட்ட மண்மேடு, கீழே கீழே இறங்கிய போர்வெல். 1956-ல் நிறுவனம் தொடங்குவதற்கு முன் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தானாகப் பீறிட்ட தண்ணீரோடு வந்த பழுப்புப் பொடிதான் இத்தனைக்கும் ஆரம்பம். பொடி இன்னும் வருகிறது. தண்ணீரைத்தான் தேட வேண்டும். 2020-ல் மே மாதம் ஒரு தடவை, ஜூலையில் ஒரு தடவை பாய்லர் வெடித்து, ஒப்பந்தத் தொழிலாளர்கள் வெந்து செத்தார்கள். நிலம் கொடுத்த ஊர்களுக்கு வாய்த்ததும் பெரும்பாலும் அந்த ஒப்பந்தக் கூலிதான். இவ்வளவுக்கும் மேலாண்மை பார்த்த அதிகாரி ஒருவர் ஓய்வுபெற்ற மறுநாள் ‘சூழல் காவலர்’ என்று போஸ்டர் ஒட்டி வேட்புமனு போட்டாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன். நம் ஊரில் மாலையோடு நாலு பேர் நிற்பார்கள்.

கடலூர்க்காரர்களே, இனி யாராவது மரக்கன்றோடு ஓட்டுக் கேட்டு வந்தால் கன்றை வாங்கிக்கொள்ளுங்கள், மரம் பாவம். ஆனால் வாசலில் நிறுத்தி ஒன்று கேளுங்கள்: “மூன்றாம் சுரங்கம் வேண்டாம் என்று உங்கள் கூட்டணித் தலைவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தீர்களா?” சொன்னேன் என்றால், அதை எழுத்தில் கேளுங்கள். தலைவரின் கையெழுத்தோடு.