மூலப்பத்திரம் இல்லாத மொய்க் கணக்கு

ஆவணி பிறந்து நாலாம் நாளே பத்திரிகை வந்துவிட்டது. நான்கு மூலையிலும் மஞ்சள், தட்டில் வெற்றிலை பாக்கு, ‘குடும்பத்தோட முதல் நாளே வந்துரணும்’ என்ற மிரட்டல், எல்லாம் முறைப்படி. வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் படி இறங்கினார்களோ இல்லையோ, என் மனைவி கேட்டாள்.

“ஏங்க, நம்ம மக கல்யாணத்துக்கு இவுக எவ்வளவு மொய் எழுதினாக?”

ராஜபாளையத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாதவன் குடும்பம் நடத்த லாயக்கில்லாதவன். மொய்க்கு வட்டி கிடையாது என்பது பேச்சுக்குத்தான். வாங்கியதைவிட ஐம்பது ரூபாய் குறைத்து எழுதிப் பாருங்கள், அந்த வட்டியை உங்கள் பேரன் கட்டுவான்.

மகள் கல்யாணம் 2014-ல் நடந்தது. நான் அப்போது நூல் மில் ஒன்றில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கன் வீட்டு மொய் நோட்டு மற்றவர்கள் வீட்டு நோட்டு மாதிரி இருக்கலாமா? டைப்பிங் சென்டர் பையனிடம் கொடுத்து முழு நோட்டையும் எக்ஸெலில் ஏற்றி, வீட்டுக் கம்ப்யூட்டரில் ‘மொய்’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு வைத்தேன். சும்மா வைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன்கள் கேம் விளையாட வருகிறார்களே, யாராவது ஆயிரத்தில் ஒரு பூஜ்யத்தைத் தட்டிவிட்டால்? ஆகையால் அந்த ஃபோல்டரின் செக்யூரிட்டி பக்கத்துக்குப் போய், இருந்த பெயர்களையெல்லாம் நீக்கிவிட்டு என் பெயரை மட்டும் விட்டுவைத்தேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கியது நினைவிருக்கிறது.

காகித நோட்டு பரணில் இருந்தது. அதைக் கரையான் வரவு வைத்துக்கொண்டது. கம்ப்யூட்டரும் போன ஐப்பசி இடியில் ஒரு மதியம் பட்டென்று அணைந்து போயிற்று, பிறகு எழுந்திருக்கவில்லை. கடைக்காரர் உள்ளேயிருந்த ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி, ஒரு டப்பாவுக்குள் போட்டு, வால் மாதிரி ஒரு ஒயரும் வைத்துக் கொடுத்தார். “லேப்டாப்ல சொருகுங்க சார், அப்படியே வந்துரும்.”

சொருகினேன். வந்தது. ‘மொய்’ ஃபோல்டரும் தெரிந்தது. அதன் மேல் இரண்டு தட்டு தட்டினேன். இதைத் திறக்க உங்களுக்கு இப்போது அனுமதி இல்லை, தொடர்வதானால் அட்மினிஸ்ட்ரேட்டரின் பாஸ்வேர்டைக் கொடு என்றது.

அட்மினிஸ்ட்ரேட்டர் யார்? லேப்டாப் என்னுடையது. காசு என் ஓய்வுக்காலப் பணம். ஆனால் வாங்கிய அன்று எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தவன் பெங்களூரில் இருக்கும் என் மகன். அவன் தன் பெயரில் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு ஒன்றும், எனக்கு ‘அப்பா’ என்ற பெயரில் சாதாரணக் கணக்கு ஒன்றும் போட்டிருக்கிறான். அதாவது என் வீட்டில் நான் வாடகைக்கு இருக்கிறேன்.

போன் செய்தேன். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று கிசுகிசுத்தான். பாஸ்வேர்டு கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“மெசேஜ்ல அனுப்புறேன்பா.”

“கண்ணாடி இல்லடா, வாயால சொல்லு.”

சொன்னான். ‘அப்பாதொடாதீங்க’ என்பதை இடைவெளி விடாமல் ஆங்கில எழுத்தில் அடித்து, கடைசியில் ஒரு ஆச்சரியக்குறி போட வேண்டும். அடித்தேன். நாமே நம்மைத் திட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டிய வாசல் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அப்படித் திட்டிக்கொண்டு போயும் கதவு திறக்கவில்லை. இந்த ஃபோல்டர் உமக்கு மறுக்கப்பட்டிருக்கிறது, செக்யூரிட்டி பக்கத்தில் போய்ப் பாரும் என்றது. போய்ப் பார்த்தால் உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர் இல்லை. ‘அறியப்படாத கணக்கு’ என்று போட்டு, எஸ்-1-5-21 என்று தொடங்கி ரயில் மாதிரி நீளும் ஒரு எண். கடைசிப் பெட்டி 1001.

அது வேறு யாருமில்லை, நான்தான். 2014-ல் நான்.

விண்டோஸுக்கு நம் பெயர் ஒரு அலங்காரம். கணக்கு தொடங்கும்போதே ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, கோப்புகளின் மேல் அந்த எண்ணைத்தான் எழுதி வைக்கிறது. நடுவில் வரும் நீளமான பகுதி அந்தக் கம்ப்யூட்டருக்கே உரியது. பழைய கம்ப்யூட்டரிலும் நான் ‘அப்பா’, புதியதிலும் ‘அப்பா’, ஆனால் எண் வேறு. அதன் கண்ணுக்கு நாங்கள் பெயர் ஒற்றுமையுள்ள இரண்டு ஆசாமிகள். விண்டோஸ் 98 காலத்தில் இந்த வம்பே கிடையாது. அதன் டிஸ்க்கில் யாருடையது என்று எழுதி வைக்கவே இடமில்லை, கதவே இல்லாத சத்திரம். 2001-ல் எக்ஸ்பி வந்தபிறகுதான் அலுவலகக் கம்ப்யூட்டரின் கெடுபிடி வீட்டுக்குள் நுழைந்தது.

மெஷினைக் குறை சொல்லவும் முடியவில்லை. எங்கள் வீட்டில் ராஜபாளையம் நாய் ஒன்று இருக்கிறது. 2005-ல் தபால்தலையில் வந்த அதே ஜாதி, பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு. இந்த ஜாதியில் சிலதுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, எங்களுடையதும் அப்படித்தான். ‘நான்தான்டா’ என்று எத்தனை முறை கத்தினாலும் அதற்குப் பயனில்லை, மோந்து பார்த்து ஒத்துக்கொண்டால்தான் நடையில் காலை வைக்கலாம். மகன் போன தடவை பெங்களூர் சென்ட்டை அடித்துக்கொண்டு வந்து, கேட்டுக்கு வெளியே அரை மணி நேரம் நின்றான். அன்றைக்கு நாயை மெச்சியவன் இன்றைக்கு விண்டோஸை எப்படித் திட்டுவது?

சாயந்திரம் மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன், ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திர எழுத்தர். 12 கிலோமீட்டர் தூரத்து ஊர்தான். ஆனால் ஜில்லா கோர்ட் அங்கே இருப்பதால் அந்த ஊர்க் காற்றை இரண்டு வருஷம் சுவாசித்தவனுக்குக் கூடப் பாதி சட்டம் தெரிந்திருக்கும். மச்சான் அறுபது வருஷமாகச் சுவாசிக்கிறார். திரையை உற்றுப் பார்த்தார்.

“மாப்ளே, இது சாதாரணக் கேஸு. சொத்துக்காரர் காலமாயிட்டாரு, நீங்க வாரிசு. மூலப்பத்திரம் எங்க?”

“மச்சான், நான் உயிரோடதான் இருக்கேன்.”

“அதுக்கு ஆதாரம் வேணும்ல.”

கம்ப்யூட்டரைத் தொட்டே பழக்கமில்லாத மனிதர் அந்தப் பக்கத்தை என்னைவிட வேகமாகப் புரிந்துகொண்டார். மேல் ஃபோல்டரின் அனுமதி கீழ் ஃபோல்டருக்கு இறங்கும் என்றேன், “பூர்வீக பாத்தியதை” என்றார். அனுமதி ஒன்று, மறுப்பு ஒன்று என இரண்டும் நேராக எழுதியிருந்தால் மறுப்புத்தான் செல்லும் என்றேன், “ஸ்டே வாங்கியாச்சுன்னா அப்படித்தான்” என்றார். உரிமையாளர் என்ற இடத்தில் ‘மாற்று’ என்று ஒரு பொத்தான். அதை அமுக்கி என் மகன் கணக்கின் பெயரைப் போட்டோம். மாறிவிட்டது. நான் துள்ளிக் குதித்து ஃபோல்டரைத் திறந்தேன். மறுபடியும் அனுமதி இல்லை.

மச்சான் சிரித்தார். “பத்திரம் பேர் மாறிட்டா ஆச்சா? பட்டா மாத்த வேணாமா?”

சத்தியமாக அதேதான். உரிமையாளர் ஆவது ஒன்று, படிக்கவும் எழுதவும் அனுமதி பெறுவது வேறொன்று. உரிமையாளருக்கு நிச்சயமாக இருக்கும் அதிகாரம், அனுமதிப் பட்டியலைத் திருத்தும் அதிகாரம். திருத்தி, தன் பெயரைத் தானே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் மச்சான் பாத்ரூம் போனார். அவர் போகாமல் இருந்திருக்கலாம்.

ஒவ்வொரு ஃபோல்டராக ஏன் மாரடிக்க வேண்டும், முழு டிஸ்க்குக்கும் ஒரே போடாகப் போட்டுவிடுவோமே என்று எனக்குள் ஒரு தாராள மனம் எழுந்தது. டிஸ்க்கின் செக்யூரிட்டி பக்கத்துக்குப் போனேன். ‘எவ்ரிஒன்’, முழு அதிகாரம், உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் இதையே மாற்றிப் போடு என்று டிக் அடித்தேன். அன்னதானம் செய்கிற பூரிப்பு. நடுநடுவே ஏதோ பிழை என்று வந்துகொண்டிருந்தது, ஒவ்வொன்றுக்கும் ‘தொடர்க’ என்று அமுக்கினேன். முப்பது, நாற்பது தடவை அமுக்கியிருப்பேன். வெளி டிஸ்க்குக்கும் ‘லோக்கல் டிஸ்க்’ என்றுதான் பெயர், லேப்டாப்பின் சொந்த டிஸ்க்குக்கும் அதே பெயர்தான் என்பதை நான் கவனித்தபோது இருபது நிமிஷம் ஆகியிருந்தது. நான் அன்னதானம் செய்தது சி டிரைவில்.

விண்டோஸ் தன் சொந்தக் கோப்புகளை அட்மினிஸ்ட்ரேட்டரிடம்கூட ஒப்படைப்பதில்லை. ‘டிரஸ்டட் இன்ஸ்டாலர்’ என்று கோயில் தர்மகர்த்தா மாதிரி தனியாக ஒருவர் இருக்கிறார், பெட்டிச் சாவி அவர் இடுப்பில். நடுவில் வந்த பிழைகளெல்லாம் அவர் போட்ட கூச்சல்தான். என் தாராளத்தால் அவர் காப்பாற்றியது போக மிச்சமெல்லாம் குலைந்தது. ஸ்டார்ட் பொத்தான் அமுங்கியது, எதுவும் எழும்பவில்லை. கால்குலேட்டர்கூட வரமாட்டேன் என்றது. கோப்புகளைத் தொடாமல் விண்டோஸை மறுபடி ஏற்றித்தான் மகன் அதைப் பிழைக்க வைத்தான், பெங்களூரிலிருந்து போனில், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். அந்த இரண்டு நாளும் அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

முதல் ஞாயிறு வரைக்கும் மனைவி காத்திருக்கத் தயாராக இல்லை. டிஸ்க் டப்பாவை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு மூவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினோம். மச்சான் மகளிடம் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசாங்க லேப்டாப் இன்னும் உயிரோடிருந்தது. 2011-ல் தொடங்கிய திட்டம், விண்டோஸோடு சி-டாக் செய்த பாஸ் லினக்ஸும் ஏற்றிக் கொடுத்தார்கள். பாட்டரி எப்போதோ போய்விட்டதால் அது கட்டிப்போட்ட மாடு மாதிரி சுவர் பிளக்கோடுதான் வாழ்கிறது.

மருமகள் முதலில் பால்கோவா கொடுத்தாள். எனக்குச் சர்க்கரை. தின்பதா என்று மனைவியை நிமிர்ந்து பார்த்தேன். ஒரு விரல் காட்டினாள், ஒரு கரண்டி. (அந்த ஊர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. தின்ன யாருக்கும் தடையில்லை, டப்பாமேல் அந்தப் பெயரை எழுதத்தான் உரிமை வேண்டும்.)

லினக்ஸில் டிஸ்க்கைச் சொருகினாள். ‘மொய்’ ஃபோல்டரைத் தட்டினாள். திறந்துகொண்டது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

“என்னம்மா, பாஸ்வேர்டு?”

“அதெல்லாம் விண்டோஸ் எழுதி வெச்ச நோட்டீஸு மாமா. ‘அன்னியர் உள்ளே வரக்கூடாது’ன்னு போர்டு. போர்டை மதிக்கிற வாட்ச்மேன் விண்டோஸ்தான், அதை வீட்லயே விட்டுட்டு வந்துட்டீங்களே. டிஸ்க்கையே என்கிரிப்ட் பண்ணிப் பூட்டியிருந்தா இதுவும் திறக்காது.”

நாலு நாளாக நான் நோட்டீஸ் போர்டோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அதுவும் நானே எழுதி மாட்டிய போர்டு.

“அப்ப லினக்ஸுக்கு அனுமதியே கிடையாதா?”

“தன்னோட ஃபைலுக்கு உண்டு. படிக்க நாலு, எழுத ரெண்டு, இயக்க ஒண்ணு. சொந்தக்காரருக்கு ஒரு கூட்டல், குழுவுக்கு ஒண்ணு, மத்தவங்களுக்கு ஒண்ணு. 755ன்னா சொந்தக்காரர் எல்லாம் செய்யலாம், மத்தவங்க படிக்கலாம், இயக்கலாம், மாத்த முடியாது. நீங்க சி டிரைவுல செஞ்சீங்களே, அது 777.”

செய்தி எனக்கு முன்னால் பஸ் ஏறி வந்திருக்கிறது.

மச்சானுக்கு இது பிடித்துப்போயிற்று. கோபுரம் தெரிகிற ஜன்னல் பக்கம் கையை நீட்டினார். “மாலை கட்டினது பெரியாழ்வார், சூடிக்கிறது பெருமாள். ஆண்டாளுக்குப் பார்க்கிற அனுமதி மட்டும்தான். அது எடுத்துச் சூடிருச்சு. அப்பாவுக்குக் கோபம், வேற மாலை கட்டிட்டாரு. சொத்துக்காரரு கனவுல வந்து, அந்தப் பொண்ணு சூடுன மாலையத்தான் கொண்டான்னுட்டாரு. பட்டியலையே திருத்திட்டாரு மாப்ளே. இன்னிக்கும் புரட்டாசிக்குத் திருப்பதிக்கு இங்கேருந்து மாலை போகுதுல்ல?” அதே மூச்சில், அரசாங்க முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்றும், தமிழ்நாட்டில் எந்த அனுமதிக் கடிதமும் இதைத் தலையில் வைத்துத்தான் வரும் என்றும் சேர்த்துக்கொண்டார். மதுரைக்காரர்கள் அது தங்கள் கோபுரம் என்பார்கள். நான் வாயைத் திறக்கவில்லை, பால்கோவா இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

எக்ஸெல் ஷீட் திறந்தது. வரிசை எண் இருந்தது. தொகை இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் தலைப்பிரட்டை மாதிரி நெளிந்துகொண்டிருந்தன. டைப்பிங் சென்டர் பையன் அந்தக் காலத்துப் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருக்கிறான். யூனிகோடு இல்லை. அந்த எழுத்துரு இந்த லேப்டாப்பில் இல்லை. நெட்டில் தேடுகிறேன் என்று மருமகள் போனை எடுத்தாள், சிக்னல் சுற்றிக்கொண்டே இருந்தது.

“தள்ளுங்க,” என்றாள் மனைவி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு நேரே உட்கார்ந்தாள்.

“1116. இது தெலுங்கு பேசுற வீடு, உங்க மில் சூப்பர்வைசர். 2001, எங்க சித்தப்பா. 51... இது உங்க சிநேகிதர், நாலு பேரு சாப்பிட்டுப் போனாரே. 101, 101, 101, மூணும் அக்கா தங்கச்சி, பேசி வெச்சுக்கிட்டு எழுதுனது.” விரல் கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. பெயர் தெரியவில்லையே என்று அவள் ஒரு இடத்திலும் தயங்கவில்லை. 187-ம் வரிசையில் விரல் நின்றது.

“502. இவுகதான்.”

“502-னு யாராவது மொய் எழுதுவாங்களா?”

“மேல 186 பாருங்க, 501. அது இவுக தம்பி. இவுக பின்னாடி வந்து நோட்டை எட்டிப் பார்த்துட்டு, ஒரு ரூபா கூட எழுதச் சொன்னாக. மொய் மேசையில சில்லறை இல்லாம நீங்கதான கடைக்கு ஓடுனீங்க?”

ஓடியிருக்கிறேன். இப்போதுதான் நினைவு வருகிறது.

மறந்து போவதற்குள் அந்தந்தத் தொகைக்குப் பக்கத்தில் பெயரை அடித்துவிடச் சொன்னேன். மருமகள் அடித்தாள், சேமிக்கப் போனாள். முடியாது என்றது. பழைய கம்ப்யூட்டர் இடியில் பட்டென்று அணைந்ததால் டிஸ்க் சரியாக மூடப்படவில்லையாம். எக்குத்தப்பாக எழுதிக் கெடுத்துவிடக் கூடாது என்று லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் திறந்து வைத்திருக்கிறது.

மனைவி பத்திரிகையைத் திருப்பிப் போட்டு, மச்சான் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினாள்.

“நீங்க சொல்லுங்க, ஒண்ணாம் நம்பர்லேருந்து.”