வேட்பாளர் சொல் மாறாமை: ஒரு கஞ்சிக்கோட்டு ஆய்வு

ஆய்வாளரின் தகுதியை முதலில் சொல்லிவிடுவது மரபு. கஞ்சிக்கோடு பாலக்காட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்றாலும் புதுசேரி பஞ்சாயத்தைச் சேர்ந்தது. ஓட்டு மலம்புழைத் தொகுதியில். ஆகவே 2024 நவம்பரில் பாலக்காட்டுக்கு இடைத்தேர்தல் வந்தபோது எங்களுக்கு ஓட்டு இல்லை, அபிப்பிராயம் மட்டும் இருந்தது. நடுநிலைக்கு இதைவிடத் தெளிவான இலக்கணத்தை எந்தப் பல்கலைக்கழகமும் தந்ததில்லை.

ஆய்வுக் கேள்வி: வேட்பாளர் நேற்றுச் சொன்னதும் இன்று சொல்வதும் ஒத்துப்போக வேண்டுமா?

தரவுக்குப் பஞ்சமில்லை. காங்கிரஸின் டிஜிட்டல் பிரிவைக் கவனித்து, இடதுசாரி அரசைக் குத்திக்கொண்டிருந்தவர் டாக்டர் பி. சரின். சீட் ராகுல் மாங்கூட்டத்திலுக்கு என்றானதும் அக்டோபரில் கட்சியோடு பிணங்கினார்; சில நாளிலேயே இடதுசாரி ஆதரவு பெற்ற சுயேச்சை, சின்னம் ஸ்டெதாஸ்கோப். நவம்பர் 16இல் பாஜகவின் சந்தீப் வாரியர் காங்கிரஸுக்குப் போனார். வாக்குப்பதிவு முதலில் 13ஆம் தேதி என்றுதான் இருந்தது. கல்பாத்தி விசுவநாதர் கோயில் தேருக்காக 20க்குத் தள்ளிவைத்தார்கள். விசுவநாதர் குறுக்கிட்டிராவிட்டால் இந்தத் தரவு தேர்தலுக்குள் நம் கைக்கு வந்திருக்குமா என்பது சந்தேகமே.

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள், வாரியரின் பழைய பேச்சுகளை நினைவூட்டி இடதுசாரி அணி சுப்ரபாதம், சிராஜ் என்ற இரு மலையாள நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்தது. பேசியவரை அவர் பேச்சு துரத்தும் என்பது கோட்பாடு. ஒரே மாதத்துக்கு முந்தைய பேச்சோடு ஒருவர் தங்கள் மேடையிலேயே நின்றது அதற்கு விதிவிலக்கு. காங்கிரஸுக்கும் இதே கோட்பாடுதான், விதிவிலக்கில் மட்டும் ஆள் வேறு. இதிலிருந்து முதல் விதி: பழைய பேச்சு என்ற வியாதி எதிரணியில் இருப்பவர்களுக்கு மட்டுமே வரும்.

காரணம் காற்றாக இருக்கலாம் என்றும் ஆராய்ந்தோம். வாளையார்க் கணவாயில் ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று கார்த்திகை வாக்கில் கிழக்கிலிருந்து அடிக்கும். ஆனால் பாஜகவின் சி. கிருஷ்ணகுமார் அதே காற்றில் நின்றும் கட்சியை விட்டு அசையவில்லை. கருதுகோளைக் கைவிட்டோம்.

முடிவுகள் நவம்பர் 23இல் வந்தன. அசையாதவருக்கு 39,549 ஓட்டு, அணி மாறியவருக்கு 37,293. ஆக, மாறாமையின் சந்தை மதிப்பு 2,256 ஓட்டு. தான் மாறாமல், மாறி வந்தவருக்கு மாலை போட்ட கட்சிக்கு 58,389. இந்த மூன்றாவது எண்ணுக்கு ஆய்வுலகம் இன்னும் விளக்கம் தரவில்லை.

மாறாத சொல்லே கேரளத்தில் கிடையாதோ என்று வாசகர் மனம் தளர வேண்டாம். எங்கள் ஊரிலேயே ஒன்று இருக்கிறது: "கோச் ஃபேக்டரி வரும்." 2008-09 ரயில்வே பட்ஜெட்டில் லாலு பிரசாத் அறிவித்தார். மாநில அரசு 239 ஏக்கர் எடுத்துக் கொடுத்தது. 2012 பிப்ரவரியில் ரயில்வே அமைச்சர் தினேஷ் திரிவேதி அடிக்கல் நாட்டினார். மறுமாதம் அவர் பதவி போயிற்று, 2021இல் திரிணமூலிலிருந்து பாஜகவுக்கே போய்விட்டார். 2018 ஜூனில் பினராயி விஜயன் டெல்லி ரயில் பவன் முன்னால் உட்கார்ந்து, எங்கே அந்தத் தொழிற்சாலை என்று கேட்டார். அறிவித்தவர், கல் நட்டவர், கேட்டவர் என்று ஆள்தான் மாறிக்கொண்டே இருந்தார்கள். சொல்லில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

ஆகவே பேச்சு மாறாத வேட்பாளரைத் தேடுவோருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த பிரசாரத்தின்போது கஞ்சிக்கோடு ஜங்ஷனில் வந்து நில்லுங்கள். எந்தக் கொடி கட்டிய ஜீப்பானாலும் சரி, அதில் வருகிறவரிடம் கோச் ஃபேக்டரி எந்த வருஷம் என்று மட்டும் கேளுங்கள். சொல்கிற வருஷத்தைத் தேதியோடு குறித்து வையுங்கள்.