கல்லுக்கு உறை குத்துற கதை

எலேய் தம்பி, இங்கன வா. செருப்பக் கழத்திட்டு உக்காரு. வீட்டுக்குள்ள கடல வைக்கப் போறியாமே? வச்சுக்கோ, நான் ஏன் வேண்டாங்கேன்? தூத்துக்குடியில பொறந்து கடலோட மல்லுக்கட்டுனவன் நான். போன மாசம் சென்னையில பேரன் வீட்டு அஞ்சாவது மாடியில, கண்ணாடிப் பெட்டிக்குள்ள அதே கடல நாக்காலி போட்டு வேடிக்க பாத்துட்டு வந்திருக்கேன். அதான் உன்கிட்ட ரெண்டு வார்த்த.

எம் பேரன் தொட்டி எரநூறு லிட்டரு. அதுக்குக் கல்லு பாக்க மூணு மாசம் அலைஞ்சான். பொண்ணு பாக்கப் போனவன் பஜ்ஜி ஆறுறதுக்குள்ள சரின்னுட்டான், கல்லுக்கு மூணு மாசம்! கல்ல மூணு குவியலா வைக்கணுமாம். ரெண்டா வச்சா லட்சணம் இல்லையாம். நடுவுல ஒரு வளைவு, ஓரமா ஒரு குகை. தெர்மாகோல்ல மாதிரி செஞ்சு, அதப் போட்டோ எடுத்து, நாலு பேருகிட்ட அபிப்பிராயம் கேட்டு... பெரிய கோயில் கட்டுன ராசராசனுக்குக்கூட இம்புட்டு ரோசனை இருந்திருக்குமா?

வெள்ளிக்கிழம கல்லு உள்ள போச்சு. ஞாயித்துக்கிழம ரெண்டு கோமாளி மீனு உள்ள போச்சு. திங்கக்கிழம ஆபீஸ் மேனேசரு சாப்பிட வாராராம், அதுக்குள்ள தொட்டி செட்டாகணுமாம். செவ்வாக்கிழம மீனு ரெண்டும் மேல வந்து வாயப் பொளந்து மூச்சு வாங்குச்சு. புதன்கிழம ரெண்டும் மல்லாந்துட்டு. பேரன் கண்ணு கலங்கி நிக்கான். நான் என்னத்தச் சொல்ல? "கல்லு நல்லாருக்குலே"ன்னேன்.

சிரிக்காத. நீயும் அதத்தான் செய்யப் போற.

மீனு தின்னா கழியும். அதுல அமோனியா. அது மீனோட செவுளத் தீச்சுப்புடும். அப்ப கடல்ல மட்டும் எப்படி மீனு உசுரோட கெடக்கு? அங்கன துப்புரவுப் பணிக்கு ஆளு இருக்கு. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. ஒரு செட்டு அமோனியாவத் தின்னு நைட்ரைட்டாக்கும். இன்னொரு செட்டு நைட்ரைட்டத் தின்னு நைட்ரேட்டாக்கும். மொதல்ல சொன்ன ரெண்டும் வெசம். கடைசியில வாரது அம்புட்டு மோசமில்ல, பாதித் தண்ணிய மாத்துனா கொறைஞ்சிரும். இத வினோகிராட்ஸ்கின்னு ஒரு ருஷ்யாக்காரரு 1890 வாக்குலயே கண்டுபுடிச்சு எழுதிட்டாராம். நம்மாளுக்கு 2 மீனு செத்த பொறவுதான் தெரியுது.

அந்தப் பணியாளுக்குக் குடியிருக்க வீடு வேணும்லா? அதான்லே கல்லு. மேல தெரியுற வளைவும் குகையும் உனக்கு. உள்ள இருக்க ஓட்டை ஒடசல்தான் அதுகளுக்கு. ஆழமான ஓட்டையில காத்துப் புகாது. அங்கன மூணாவதா ஒரு கூட்டம் குடியிருக்கும். அது நைட்ரேட்டயும் சவட்டி வாயுவாக்கி வெளிய விட்டுரும். அப்ப கல்ல எப்படி வாங்கணும்? கையில தூக்கிப் பாரு. பாக்கப் பெருசா, தூக்க லேசா இருந்தா நல்ல கல்லு. லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல கல்லு போடணும்னு ஒரு பழைய கணக்கு உண்டு. எடையப் பாத்து வாங்குறதுக்கு அது என்ன வெங்காயமா? கனமான கல்லுல ஓட்டை கம்மி. ஓட்டைக்குத்தானலே நீ துட்டு குடுக்கே? எலுமிச்சம்பழம் ரெண்டு சொட்டு விடு. நொரைச்சுப் பொங்குனா சுண்ணாம்புச் சாதிக் கல்லு, கடலுக்கு ஆகும். பொங்கலன்னா வீட்டு வாசல்ல கோலத்துக்கு அணை குடு.

"தாத்தா, பாக்டீரியா ஏற்கெனவே குடியிருக்க உசுருள்ள கல்லே நம்மூருல இருக்கே, தீவுல ரெண்டு எடுத்து அனுப்பு"ன்னான் பேரன். அடேயப்பா! கேளு தம்பி. எனக்கு மீசை அரும்புற வயசுல தோணி தோணியா பவளக் கல்ல ஒடைச்சு ஏத்தியிருக்கோம். கடப்பாறைய எறக்கி நெம்புனா கல்லு முனகும். கரைக்கு வந்ததும் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போவும். வெந்து வெள்ளையா வரும். அத வச்சு செவரு பூசுனோம், வெத்தலையில தடவித் தின்னோம். கடல்ல கல்லுக்கா பஞ்சம்னு இருந்தோம். இப்ப விலாங்குசல்லித் தீவு எங்கன? தண்ணிக்கடியில. பூவரசன்பட்டித் தீவு? அதுவும் அங்கனதான். மன்னார் வளைகுடாவுல 21 தீவுன்னு எண்ணி 1986-ல தேசியப் பூங்கா வச்சாங்க, அதுல ரெண்டு முழுகிப்போச்சு. சுத்தி அரணா கெடந்த பாரை நாங்கதான ஒடைச்சோம்? வெத்தல போட்ட வாயி, இப்பப் பேசுது. 2001-ல பவளத்த வன உயிர்ச் சட்டத்துல மொத அட்டவணையில சேத்துட்டாங்க. புலி இருக்குல்லா, அதே அட்டவணை. பாக்கப் பாவமா கெடக்கேன்னு ஒரு துண்டப் பையில போட்டேன்னா, புலிக்குட்டியப் பையில போட்ட மாதிரிதான்.

வெளிநாட்டுல கதையே வேற. ஜகார்த்தாவுல லீ சின் எங்னு ஒரு மனுசன், கடல்லருந்து உசுருள்ள கல்ல எடுத்துத் தொட்டியில வச்சு, காத்து மட்டும் ஊதி, பெரிய மெசினு ஒண்ணுமில்லாம மீன வளத்துக் காட்டி 1961-ல எழுதுனாராம். அதுலருந்துதான் இந்தக் கல்லு மோகம். அதுலயும் வினை உண்டு. கல்லோட ஒட்டிக்கிட்டு அழையா விருந்தாளியா ஒரு எறா வரும். பெருமாள்பூச்சி மாதிரி கைய மடக்கிட்டு ஓட்டையில உக்காந்திருக்கும். ராத்திரி டொக்கு டொக்குன்னு சத்தம் கேக்கும். காலையில எண்ணுனா மீனு ஒண்ணு கொறையும்.

நமக்குக் காஞ்ச கல்லு போதும், இல்லன்னா செஞ்ச கல்லு. சிமெண்டுல செஞ்சதுன்னா தண்ணியில காரம் ஏத்தும். வாரக்கணக்குல ஊறப்போட்டுத் தண்ணிய மாத்திக்கிட்டே இரு. எந்தக் காலத்துலயோ கடல்ல கெடந்து காஞ்ச கல்லுன்னா, இண்டு இடுக்குல செத்ததெல்லாம் ஒட்டியிருக்கும். அத அப்படியே தொட்டியில போட்டா பொறவு பாசி புடிச்சு நாறும். ஒரு டிரம்முல உப்புத்தண்ணி ஊத்தி, கல்லப் போட்டு, தண்ணி சுத்துறதுக்கு ஒரு மோட்டார வச்சு, இருட்டுல மூடி வையி. உங்க ஆச்சி புதுச் சட்டி வாங்குனா அன்னைக்கே மீன் கொழம்பு வைப்பாளா? அரிசி கழுவுன தண்ணிய ஊத்தி ஊத்திப் பழக்குவாள்லா? அதேதான். நீ அதுக்கு இங்கிலீசுல பேரு வச்சுக்கிட்டு இன்னைக்குத்தான் கண்டுபுடிச்சவன் மாதிரி சொல்லுதே.

உப்புன்னதும் ஞாபகம் வருது. பேரன் டப்பா டப்பாவா உப்பு வாங்கி வச்சிருந்தான். நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். தூத்துக்குடிக்காரன் வீட்டுக்குச் சீமையிலருந்து உப்பா? கடைசியில அவன்தான் சரி. உப்பளத்துல உப்ப வாரின பொறவு பாத்தியில கசப்புத் தண்ணி மிஞ்சும், பாத்திருப்பியே. மக்னீசியமெல்லாம் அதோட போயிருது. நாம வாருறது வெறும் சாப்பாட்டு உப்பு. கடல்னா எல்லாம் வேணும். லிட்டருக்கு 35 கிராம் கணக்கு. நாக்குல வச்சுப் பாக்காத, அதுக்குக் கருவி இருக்கு. நான் வச்சுப் பாத்து மருமக கிட்ட ஏச்சு வாங்குனேன்.

கல்லத் தொட்டியில வைக்கும்போது மணலுக்கு மேல வைக்காத. கண்ணாடி அடியில கல்ல நிறுத்திட்டு, பொறவு மணல் கொட்டு. மீனும் எறாவும் அடியத் தோண்டும், உன் ராசகோபுரம் கவுந்து கண்ணாடி தெறிச்சிரும். கல்லுக்குப் பின்னால தண்ணி ஓட வழி விடு. அம்புட்டுத்தான் உன் அலங்காரம்.

இப்பத்தான் வேலையே. தொட்டியில மீனு கெடையாது. அந்தப் பணியாளுக்குச் சோறு வேணும்லா? அமோனியாவ அளந்து, பத்து லட்சத்துல ரெண்டு பங்கு வாராப்ல சொட்டு விடு. இல்லன்னா ஒரு பச்ச எறாவப் போட்டு அழுக விடு. பேரன் எறாவப் போட்டான். மூணாம் நாளு வீடே நாறுது. மருமக மூக்கப் பொத்திட்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடக்கா. "எறாவுக்குக் காசு குடுத்து வாங்கி அதக் கெட விடுற குடும்பத்த இப்பத்தான் பாக்கேன்"னா. நியாயம்தான்.

தெனம் ராத்திரி பேரன் சின்னக் கண்ணாடிக் குப்பியில தொட்டித் தண்ணிய எடுத்து, மருந்து விட்டு, குலுக்கி, வெளக்குக்கு நேரே புடிச்சுக் கலரு பாப்பான். மொதல்ல அமோனியா ஏறும். பொறவு அது எறங்க எறங்க நைட்ரைட்டு ஏறும். அதுவும் எறங்கணும். நாலு வாரம், ஆறு வாரம். அதுக்குள்ள சும்மா இருப்பானா? பாட்டில்ல அடைச்ச பாக்டீரியா வாங்கி ஊத்துனான். தப்பில்ல, உறை மோரு மாதிரிதான். கூட்டாளி ஒருத்தன் தொட்டியிலருந்து பழைய கல்லுத் துண்டு ஒண்ணு வாங்கியாந்து போட்டான், அது இன்னும் நல்ல உறை. ஆனா உறை குத்திட்டு அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா மூடியத் தொறந்து கரண்டிய விட்டா தயிரு எப்படிலே தோயும்? இவன் நடுவுல ஒரு நாளு கல்ல எல்லாம் வெளிய எடுத்து, அழுக்கா இருக்குன்னு குழாத்தண்ணியில கழுவப் போனான். குழாத்தண்ணியில குளோரின் மருந்து. குடியிருக்க வந்ததெல்லாம் கூண்டோட போயிருக்கும். கையப் புடிச்சு நிறுத்துனேன்.

பொறவு கல்லு காப்பிக்கலருல அழுக்குப் படிஞ்சாப்ல ஆவும். அடுத்தாப்ல பச்ச முடி மொளைக்கும். மூணு மாசம் ரோசிச்சு வாங்குன வெள்ளக் கல்லு, சாக்கடைக் கல்லு மாதிரி நிக்கும். பயப்படாத. புதுத் தொட்டின்னா அப்படித்தான், நத்தைய விட்டா மேயும்.

மீனு வாங்குறப்போ கடல்ல புடிச்சதக் கேக்காத. மண்டபத்துல கடல் மீன் ஆராய்ச்சிக்காரவிய கோமாளி மீனக் குஞ்சு பொரிக்க வச்சு வளக்காவ. அப்படி வளந்த குஞ்சாப் பாத்துக் கேளு. ஒண்ணு ரெண்டுதான் மொதல்ல. மேனேசரு வந்தா வெறுங் கல்லக் காட்டு.

நான் ஊருக்கு வந்துட்டேன். முப்பத்தெட்டாம் நாளு ராத்திரி பத்து மணிக்குப் போனு. "தாத்தா! சோதிச்சுப் பாக்க நேத்துச் சாயங்காலம் விட்ட அமோனியா இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சைபர்! நைட்ரைட்டும் சைபர்!" தெருவே கேக்குறாப்ல கத்துதான். தூக்கத்துல எந்திரிச்ச ஆச்சி பதறிப்போயி, "பேரனுக்கு என்னவாம், சம்பளம் கூடிருக்கா?"ன்னா.

"இல்லட்டி. அவன் கல்லு பாஸாயிட்டாம். படு."