மேசையிலேயே தொடங்கும் புண்

கேள்வி: படுக்கைப்புண் மாதக்கணக்கில் படுத்திருப்பவர்களுக்குத்தானே வரும்? சில மணி நேர அறுவை சிகிச்சைக்குச் செல்பவர் ஏன் அஞ்ச வேண்டும்?
– வாசகர், மங்கலம், திருப்பூர் மாவட்டம்

பதில்: மயக்க மருந்து வலியைத்தான் உறங்க வைக்கிறது, உடலின் எடையை அன்று. விழித்திருப்பவர் உறுத்தியவுடன் புரண்டுவிடுகிறார். மயக்கத்தில் இருப்பவருக்கு அது இயலாததால், எலும்புக்கும் அறுவை மேசைக்கும் இடையே நுண்குழாய்கள், அதாவது மயிரிழையினும் மெல்லிய இரத்தக் குழாய்கள், நசுங்கித் திசு உள்ளுக்குள் மடியத் தொடங்குகிறது. தோலில் அதன் தடம் சில நாட்கள் கழித்தே தெரியக்கூடும். உணர்விழப்பே புண்ணுக்கு வழிவிடுகிறது என்பதை, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் பாதங்களில் கண்டு விளக்கினார். ஆகவே நெடுநேர அறுவை சிகிச்சைகளில் அழுத்தத்தைப் பரப்பும் மெத்தையை இடுவதும், குதிகால் எதிலும் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தாங்கல் வைப்பதும், நோயாளியை இழுக்காமல் தூக்கி மாற்றுவதும் இன்றியமையாதவை. சுருக்கம் விழுந்த துணியைப் பழுதென ஒதுக்கும் உங்கள் பின்னலாடை வட்டாரத்தார், மேசை விரிப்பின் சுருக்கம் தோலையும் பழுதாக்கும் என்பதை எளிதில் உணர்வர். அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பே முதல் நிலைப் புண்ணின் அடையாளம். கருநிறத் தோலில் அது எளிதில் தெரியாது என்பதால், வெப்பத்தையும் தடிப்பையும் தொட்டுப் பார்த்து, ஐயம் எழுந்தவுடன் வீட்டார் செவிலியரிடம் கூறுதல் வேண்டும்.