ஸ்பெயின் தம்பி

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பிறந்து, பொன்னேரியில் காலேஜ் முடித்து, செல்போனில் ஸ்பானிஷ் படிக்கும் இளைஞருக்கு ஊர் வைத்த பெயர் ஸ்பெயின் தம்பி.

வணக்கம், தண்ணீர், சோறு என்று தொடங்குவதெல்லாம் தம்பிக்குச் சின்னப்பிள்ளை வேலை. நேராகப் போய் விழுந்த இடம், 'நான் கிளம்பிப் போவதாக இருந்தால்'. தமிழில் இந்த 'இருந்தால்' எனக்கும் உனக்கும் அவருக்கும் ஒன்றுதான். ஸ்பானிஷில் ஆளுக்கொரு வடிவம்: மே ஃபுவேரா, தே ஃபுவேராஸ், சே ஃபுவேரா என்று ஆறு. ஃபுவேராவுக்குப் பதில் ஃபுவேசே என்றும் சொல்லலாமாம். ஆக மொத்தம் 12. போதாததற்கு, 'போ'வுக்கும் 'இரு'வுக்கும் இந்த இடத்தில் ஒரே ஃபுவேரா. போகிறாரா, இருக்கிறாரா என்பதைக் கேட்பவர்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். தம்பி விஷயத்தில் வீட்டாருக்கும் அதே குழப்பம்.

"போற மாதிரி இருந்தா போ. இல்லாட்டி வலையில இருக்கற நண்டையாவது கழட்டு" என்பார் அம்மா.

ஏலம் முடிந்த நேரத்தில் சித்தப்பா ஆசையாகக் கேட்பார்: "ஏம்பா, இறாலுக்கு அந்த பாஷைல என்னா பேரு?"

"அது பெயர்ச்சொல், சித்தப்பா. நான் இன்னும் வினையில இருக்கேன்."

ஏரியில் பாடு முறை உண்டு. எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரிப்பது. சித்தப்பா அதைத் தூக்கத்திலும் சொல்வார். தம்பிக்குத் தங்கள் வீட்டு முறை என்றைக்கு என்று தெரியாது. ஆனால் தூக்கத்தைக் குறிக்கும் 'தொர்மீர்' எப்படி 'மே துர்மியேரா' ஆகிறது, நடுவில் 'ஓ' எங்கே ஓடிப்போய் 'உ' வந்தது என்று அரைமணி நேரம் விளக்குவார். சித்தப்பா அதற்குள் மே துர்மியேரா ஆகியிருப்பார்.

டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டைப் பக்கம் போனால் தம்பிக்குப் பெருமூச்சு வரும். அவர்களுக்கு முன்பே இங்கே வந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். 1580 முதல் 1640 வரை போர்ச்சுகலுக்கும் ஸ்பெயினுக்கும் ஒரே ராஜா. "அந்த ராஜா கொஞ்சம் மனசு வெச்சிருந்தா நாமெல்லாம் இன்னிக்கு ஸ்பானிஷ் பேசியிருப்போம்" என்பார். 'இருந்தால்' இல்லாமல் அவருக்கு வாக்கியம் நகராது.

பொன்னேரியில் சென்னை மின்சார ரயில் ஏறினால் அவரைப் பார்க்கலாம். நல்ல பிள்ளை, நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுப்பார். எங்கே போகிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பன்னிரண்டையும் ஒப்பித்து முடிப்பதற்குள், மீஞ்சூரில் இறங்க வேண்டிய நீங்கள் எண்ணூரில் நிற்பீர்கள்.