லைட்டா வருது சார்

நேற்று மத்தியானம் காட்பாடி மேம்பாலத்தில் நெரிசலில் நின்றபோது, பக்கத்துக் காரின் அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து வயிறெரிந்தவன் வேலூர் மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஏசி உயிரோடு இருக்கிற வண்டிதான் அப்படிச் சொட்டும். என் பிக்கப் சொட்டி இரண்டு மாதமாகிறது.

நர்சரிக்குச் செடி ஏற்ற வாங்கிய 2009 மாடல், டபுள் கேபின். நான் மூன்றாவது ஓனர். "ஏசி போட்டா ஊட்டி சார்" என்று சொல்லித்தான் புரோக்கர் தலையில் கட்டினார். ஊட்டியில் ஓட்டியிருந்தால் அவர் சொன்னது பலித்திருக்கும்.

ஏசி வரவில்லை என்றதும் நாம் எல்லோரும் முதலில் செய்கிற காரியம் கையை வைப்பதுதானே? மெக்கானிக் புறங்கையை வைத்தார், குழந்தைக்கு ஜுரம் பார்ப்பதுபோல. மச்சான் நாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரி இரண்டு விரலை மட்டும் நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். மாமனார் கையைக் கர்ச்சீப்பில் துடைத்துவிட்டு வைத்தார். ஏதோ பிரசாதம் வரப்போகிறதுபோல. முனைக் கடை டீ மாஸ்டர் பாய்லர் பிடித்த கையோடு ஓடிவந்து வைத்து, "சில்லுனுதானே இருக்கு?" என்றார். அந்தக் கைக்கு அடுப்பே சில்லென்றுதான் இருக்கும். நர்சரியில் செடிக்குத் தண்ணீர் விடுகிற அக்கா ஈரக் கையை வைத்துவிட்டு, "நல்லா வருதேண்ணா, உங்களுக்குத்தான் உடம்பு சூடு, மோர் குடிங்க" என்றார். லிஃப்ட் கேட்டு ஏறிய ஆள்கூட பெல்ட் போடுவதற்கு முன் கையை வைத்தார். பார்சல் கொண்டுவந்த பையன் கண்ணாடி வழியாகவே வைத்தான். சும்மா சொல்லக்கூடாது, நானும் ராத்திரி இரண்டு மணிக்கு லுங்கியோடு இறங்கிப்போய், எஞ்சினை ஓடவிட்டு, வலது கையை ஒரு துவாரத்திலும் இடது கையை இன்னொன்றிலும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தவன்தான்.

இத்தனை கைகளும் கடைசியில் சொன்ன தீர்ப்பு ஒன்றே: "லைட்டா வருது சார்." லைட்டா என்றால் எவ்வளவு? தெரியாது. அடுத்த வாக்கியம் மட்டும் தெரியும்: "கேஸ் போயிருக்கும்."

கேஸ் என்ன டீசலா, ஓட ஓடத் தீர்ந்துபோக? ஆர்-134ஏ என்கிற அந்தச் சமாச்சாரம் மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கேயோ ஓட்டை என்று அர்த்தம். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி, எங்கே கொப்பளிக்கிறது என்று பார்த்து அடைத்து, வேக்கம் போட்டு, அப்புறம்தான் கேஸ் ஏற்ற வேண்டும். இரண்டு மாதத்தில் மூன்று பேர் கேஸ் ஏற்றினார்கள். சோப்பு எடுத்தவர் ஒருவருமில்லை. கை கழுவக்கூட எடுக்கவில்லை.

நானே களத்தில் இறங்கினேன். பட்டனைத் தட்டினால் கம்ப்ரஸர் கிளட்ச் 'டக்' என்று பிடிக்க வேண்டும், பிடிக்கவில்லை. ரிலே போயிருக்கலாம், ஹார்ன் ரிலேயும் அதே சைஸ்தான், மாற்றிப் போட்டுப் பாருங்கள் என்றார் ஒரு நண்பர். மாற்றினேன். ஏசி வரவில்லை, ஹார்ன் போய்விட்டது. வேலூரில் ஏசி இல்லாமல் வண்டி ஓட்டலாம். ஹார்ன் இல்லாமல் தெருமுனையைக்கூடத் தாண்ட முடியாது.

அமெரிக்காவில் பாக்கார்ட் என்றொரு கம்பெனி 1939லேயே காருக்கு ஏசி கொடுத்தது. அதில் கிளட்ச் கிடையாது. குளிர் போதும் என்றால் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். குளிர் தாங்காமல் இறங்கியிருக்கிறார்கள். என்ன கொழுப்பு!

நம் ஊரிலும் 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளுக்கு கேபினில் ஏசி கட்டாயம். நல்ல சட்டம்தான். ஆனால் 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டும். அதற்குக் கீழே ஓட்டுகிறவனுக்கு வேர்க்காது போலிருக்கிறது.

இன்று காலை ஏசியைப் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டேன். கையை மட்டும் வைப்பதில்லை என்று வைராக்கியம். இறங்கிக் குனிந்து பார்த்தால், சொட்டுகிறது! வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். அவள் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, ஏசி தண்ணி பச்சையா, பிசுபிசுன்னா இருக்கும்?"

மெக்கானிக்குக்கு போன் போட்டேன்.

"பச்சையா? கூலன்ட் சார் அது. ரேடியேட்டர் ஒழுகுது. ரொம்பச் சூடா இருக்கா, கைய வச்சுப் பாருங்க."