வாசல்வரை வரும் கருணை

இலங்கை அரசே, உன் பெருமையைப் பாட வந்தேன்.

2004 முதல் எச்.ஐ.வி. மருந்தை இலவசமாகத் தருகிறாய். கொழும்பு முதலாளிக்கும் பெரகலயில் கொழுந்தெடுப்பவளின் மகனுக்கும் ஒரே மருந்து. அதைத் தினமும் தவறாமல் விழுங்கினால் கிருமி இரத்தத்தில் கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கும். அப்படி அடங்கிய நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவின் வழியே அது இன்னொருவருக்குத் தொற்றாது. அவனுக்குச் சிகிச்சை, அவன் மனைவிக்குக் காப்பு, இரண்டும் அந்த ஒரு மருந்தில். கொடை என்றால் இதுவல்லவா கொடை!

உன் காவலும் பெரிது. கொழுந்தெடுப்பவளின் அந்த மகன் மறியலுக்கு வந்தால், உள்ளே இருக்கும்வரை அவனை நீ ஆஸ்பத்திரிக்குத் தனியே விடுவதில்லை. காவலர் துணை, வாகனம், கையெழுத்து எல்லாம் உண்டு. வெளியே வந்த அன்றே அவன்மேல் உனக்கு எல்லையில்லாத நம்பிக்கை பிறந்துவிடுகிறது. பெரகலயிலிருந்து அப்புத்தளை, பண்டாரவளை, ஹாலி எல தாண்டிப் பதுளை கிளினிக்கை அவனே தேடிப் போவான் என்கிறாய். பஸ் காசும் இழக்கும் அன்றைய கூலியும் அவன் கணக்கு. மருந்து மட்டும் உன் கணக்கு.

உன் நீதியின் வேகத்தை என்னவென்பேன்! பிணை கிடைத்தால் நீதிமன்றத்திலிருந்தே வீட்டுக்குப் போகலாம். தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே போனவர்கள்தான் உன் தண்டனைக் கைதிகளில் பெரும்பங்கு. உறவுகள் பணம் புரட்டிக் கட்டிய கணமே கதவு திறக்கிறது. விடுதலை அத்தனை விரைவாக வருவதால், மாத்திரைக்கு அவனோடு கிளம்ப நேரம் கிடைப்பதில்லை. மருந்து நின்றால் சில கிழமைகளில் கிருமி மீண்டும் பெருகும். விடுதலையான உடம்புக்குள் அதுவும் விடுதலையாகிறது.

இரகசியம் காப்பதிலும் உனக்கு நிகரில்லை. ஒரு வீட்டு இருமல் அடுத்த வீட்டுக்குக் கேட்கும் தோட்ட லயத்தில் அவன் நோய் தெரியக்கூடாதுதான். ஆனால் அவன் வெளியே வந்த சேதி, அவனுக்கு மருந்து தரவேண்டிய கிளினிக்குக்கும் எட்டாதபடி அல்லவா காத்துவிடுகிறாய்!

ஆளைத் தேடிப் போவது உனக்குக் கைவராத வித்தை என்று யாரும் சொல்ல முடியாது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் உனக்குச் சான்று தந்தது. கர்ப்பிணிகளைத் தேடிப் போய், பெயர் பதிந்து, இரத்தம் பார்த்து, வராதவரை மீண்டும் தேடிப் பெற்ற சான்று அது. அந்தத் தாய்மாருக்கு நீ காட்டிய அக்கறை மகத்தானது. அதே லயத்துக்கு மறியலிலிருந்து திரும்பும் மகன் வரும்போதுதான் உனக்குப் பாதை மறந்துபோகிறது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், விடுதலையாகும் எச்.ஐ.வி. கைதிகளிடம் பத்து நாள் மாத்திரையைக் கையில் கொடுத்தே அனுப்பியது. அப்படியும் அந்தப் பத்து நாளுக்குள் அடுத்த மருந்தை வாங்கியவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. பொட்டலம் மட்டும் போதாது. அவன் வரவை எதிர்பார்த்து ஓர் ஆள் இருக்க வேண்டும். கைதிகளுக்காக 2015இல் ஐ.நா. ஏற்ற மண்டேலா விதிகளில் 24ஆவது, எச்.ஐ.வி. சிகிச்சை இடையில் அறுபடாதபடி சிறை மருத்துவம் பொதுச் சுகாதாரத்தோடு இணைந்திருக்க வேண்டும் என்கிறது.

ஆகவே, கொடையாளியே, இன்னும் ஒன்று கொடு. விடுதலை எந்த நாளில் வரும் என்று உனக்கே தெரியாது. அதனால் அதற்கான ஏற்பாட்டை அவன் உள்ளே வந்த நாளிலேயே தொடங்கு. அவன் சம்மதத்தோடு கிளினிக்குக்குச் சொல். வழக்குக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு மாத மருந்தும், தமிழில் எழுதிய துண்டும், ஆணுறையும், பஸ் காசும் அவனோடு போகட்டும். குறித்த நாளில் அவன் வராவிட்டால், அந்தத் தாய்மாரைத் தேடிப் போனதுபோல அவனையும் தேடிப் போ. அன்றைக்கு உன்னைப் புகழ எனக்கு வஞ்சம் தேவைப்படாது.